டார்ச்சை யார் பிடிப்பது

டொக்டொக் அக்காவுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிறது, மற்றபடி யாருக்கும் தேவைப்பட்டதில்லை. திருப்புளியின் மரப்பிடியால் தரையில் பதித்த ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். நன்றாக ஒட்டியிருக்கும் ஓடு கணீரென்று பேசும். அடியில் சிமெண்ட் பிடிக்காத ஓடு டொக் என்று காலிப் பானை மாதிரி பேசும். அந்த டொக்தான் அவளுக்குப் பேராக ஒட்டிக்கொண்டது. வீட்டு புரோக்கர்கள் வேறு சில பேர்களும் வைத்திருந்தார்கள், அவற்றை எழுதுவது நாகரிகம் இல்லை.

இருபது வருஷம் ஓடு பதிக்கிற வேலை. முழங்கால் போதும் என்று சொன்ன பிறகு, பிறர் வாங்கப்போகிற வீட்டைப் பார்த்துச் சொல்கிற வேலை. இதற்கு அவள் படித்த புத்தகம் மேஸ்திரிகளின் வாய், பிளம்பர்களின் புலம்பல், எலக்ட்ரீஷியன்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் திட்டு. அதிலிருந்து சலித்து எடுத்துத் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்தான் வருவாள், கொடுத்துவிட்டுக் கூப்பிட்டால் அனுதாபம் மட்டும் சொல்வாள். புரோக்கர் அனுப்பினால் போகமாட்டாள், விற்கிறவர் கூப்பிட்டாலும் போகமாட்டாள், வாங்குகிறவர் கூப்பிட்டால் மட்டும் போவாள். 'இந்த வீட்டை வாங்கு', 'வாங்காதே' என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். கண்டதை எழுதுவாள். காண முடியாமல் போனதையும் எழுதுவாள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி டார்ச் விளக்கு பற்றியது. அவள் சுவரைத் தடவுவாள், தட்டுவாள், முகர்ந்துகூடப் பார்ப்பாள். வெளிச்சம் காட்ட வேண்டியது வாங்குகிறவர். "நான் எழுதிக் கொடுக்கிற காகிதத்தைப் படிச்சுட்டு அலமாரியில வெச்சுடுவீங்க. உங்க கண்ணால பார்த்ததை எங்கேயும் வைக்க முடியாது" என்பாள்.

இன்னொரு விதியும் இருந்தது: சொந்தக்காரர் வீட்டைப் பார்ப்பதில்லை. இது அவளுடைய சித்தப்பா தந்த பரிசு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வாங்கிய வீட்டைப் பார்த்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு குழாய் சொட்டினாலும், ஒரு கதவு கிறீச்சிட்டாலும், ஒரு தடவை எலி வந்ததற்கும், பொறுப்பு இவள்தான். போன மாதம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோதுகூட, "உன் அக்கா பார்த்துக் கொடுத்த வீடு, படியெல்லாம் உயரம்" என்று அவள் தம்பியிடம் சொன்னாராம்.

அந்தத் தம்பிதான் இப்போது தொலைபேசியில் இருந்தான்.

ஒன்பது வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறியவர்கள் அவனும் அவன் மனைவியும். எட்டாவதாக ஒரு வீடு, சொந்தமாக, பிடித்துப்போயிருந்தது. அதிலும் தம்பி மனைவிக்குப் பிடித்தது சும்மா இல்லை. எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்று முடிவாகி, துணிகூட எடுத்தாகிவிட்டது. நாளை மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கையெழுத்து, முன்பணம். "அக்கா, நீ ஒரு தடவை பார்த்துட்டா எனக்குத் தூக்கம் வரும்" என்றான்.

அக்காவுக்குத்தான் தூக்கம் போயிற்று. வீடு நன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. நன்றாக இல்லையென்றால்? தம்பி மனைவி ஆசைப்பட்ட வீட்டை நாத்தனார் வந்து கெடுத்தாள் என்று ஆகும். அது சித்தப்பாவின் எலி மாதிரி மூன்று வருஷக் கதையாக நிற்காது. தம்பி மனைவியும் இவளும் இதுவரை ஒரு சுடுசொல் பேசிக்கொண்டதில்லை. அதைக் கட்டிக் காப்பாற்றியது இருவருக்கும் நடுவில் இருந்த பன்னிரண்டு கிலோமீட்டர் என்று அக்காவின் கணவர் சொல்வார்.

"போகாதே" என்றார் அவர். "நம்ம வீட்டையே நீ இன்னும் பார்க்கல."

அது உண்மை. அவர்கள் வீட்டுச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறி, ஐந்து வருஷமாக ஒரு தேசத்தின் வரைபடம் மாதிரி எல்லையை விரித்துக்கொண்டே போனது. அக்கா அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டியிருந்தாள். முழங்கால் உயரத்தில் தொங்கும் காலண்டர் அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான். "பூனை தேதி பார்த்துக்கும்" என்று கணவர் சமாதானம் சொல்லிக்கொள்வார்.

ஆனாலும் மறுப்பு சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை விதியை மீறி ஸ்கூட்டரை எடுத்தாள்.

வீடு கீழ் தளமும் மேல் தளமுமாக, ஓரத்தில் ஒரு மரத்தோடு, லட்சணமாகத்தான் இருந்தது. விற்பவர் கடிகாரக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற பெரியவர். மகள் இருக்கும் ஊருக்குப் போகப்போகிறார். கூடத்துச் சுவரில் ஐந்து கடிகாரங்கள் மாட்டியிருந்தார், ஐந்தும் ஒரே நேரம் காட்டின. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. புரோக்கரும் வந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் வாடகை பாக்கிக்காரரைப் பார்த்த மாதிரி ஆனது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வேறு ஒரு பார்ட்டி வருகிறார்கள், ரொம்ப ஆர்வமாக இருக்கிறார்கள், சீக்கிரம் முடித்தால் எல்லோருக்கும் நல்லது என்று பொதுவாகக் காற்றில் சொன்னார்.

அக்கா நேரே மேல் தளத்துக் குளியலறைக்குப் போனாள். அவள் எப்போதும் தொடங்குகிற இடம் அதுதான். சுவர் நின்ற இடத்தில் நிற்கும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். தண்ணீர் தன் குணத்தைக் காட்ட நேரம் எடுக்கும், அதனால் அதை முதலில் வேலைக்கு விட வேண்டும். தரையின் வடிகால் ஓட்டையைத் துணி சுற்றிய பந்தால் அடைத்து, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிறைத்தாள். தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவர் ஓட்டில் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. கீழே கடிகாரங்கள் ஒன்பது அடித்தன. உண்மையில் ஒரு நாள் முழுக்க நிறுத்த வேண்டும். இன்றைக்கு மூன்று மணி நேரம்தான் கிடைத்தது.

பிறகு டார்ச்சை எடுத்துத் தம்பி மனைவியின் கையில் கொடுத்தாள். தம்பிக்கு மீட்டர் பெட்டியைத் திறந்து வைக்கிற வேலை. ஒரே டார்ச்சில் இரண்டு கை இருந்தால் வெளிச்சம் அதிகமாகாது, வாக்குவாதம்தான் வரும் என்பது அவள் அனுபவம்.

மொட்டை மாடி நன்றாக இருந்தது. தரையின் வாட்டம் சரியாக வடிகால் பக்கம் சாய்ந்திருந்தது. அக்கா ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள், அது ஒழுக்கமாக ஓடிப் போயிற்று. தூண்களும் உத்திரங்களும் நேராக இருந்தன. சுவரில் மேலோடு ஓடிய மயிரிழை விரிசல்கள் பூச்சு காய்ந்தபோது வந்தவை. கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறி, விரல் நகம் நுழைகிற அளவு வாய் திறந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. அக்கா மனசுக்குள் மூச்சு விட்டாள்.

அறைகளுக்குள் வந்தபோதுதான் டார்ச் விஷயம் தெரிந்தது.

தம்பி மனைவி வெளிச்சத்தைச் சுவருக்கு நேர் எதிரே நின்று அடித்தாள். நேராக அடித்தால் எந்தச் சுவரும் அழகுதான். பக்கவாட்டில் சுவரை ஒட்டிப் பிடித்தால்தான் மேடும் பள்ளமும், உப்பி நிற்கிற பூச்சும் நிழல் விழுந்து தெரியும். அக்கா பிடித்துக் காட்டினாள். தம்பி மனைவி சரி என்றாள். இரண்டு நிமிஷத்தில் டார்ச் மறுபடி நேராயிற்று. படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் வண்ணம் பொரிந்திருந்த இடத்துக்கு வந்ததும் வெளிச்சம் அதைத் தாண்டி, அவசர வேலை இருக்கிறவர் மாதிரி அடுத்த சுவருக்குப் போய்விட்டது.

"அங்க என்ன பார்த்தே?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்ல அண்ணி. ஜன்னல் பெருசா இருக்கு, காத்து நல்லா வரும்."

"காத்துக்கு டார்ச் வேண்டாம்மா. இங்க காட்டு."

வெளிச்சம் மனசில்லாமல் திரும்பி வந்தது. தம்பி மனைவி வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போகிறது. ஆசை வந்துவிட்டால் இப்படித்தான். எத்தனையோ பேரிடம் அக்கா இதைப் பார்த்திருக்கிறாள். வங்கியில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் ஒருமுறை விரிசலுக்கு முன்னால் தானே போய் நின்று மறைத்துக்கொண்டார்.

"மழை சாய்ச்சு அடிக்கும்போது ஜன்னல் விளிம்புல தண்ணி நிக்குது. ஓரத்துல ஒரு பூச்சு போட்டா சரியாயிடும்" என்றாள் அக்கா. "பயப்பட வேண்டியது இல்ல. தெரிஞ்சுக்க வேண்டியது."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு டார்ச் கொஞ்சம் நிதானமானது. மீட்டர் பெட்டியில் தம்பி காத்திருந்தான். அக்கா சோதனைப் பொத்தானை அழுத்தினாள், மின்சாரம் டப்பென்று நின்றது. ஷாக் அடிக்கும்போது தானாக நிற்க வேண்டியது நிற்கிறது, நல்லது. ஒவ்வொரு பிளக்கிலும் சின்ன விளக்கு வைத்த சோதனைக் கருவியைச் செருகினாள். இரண்டு இடத்தில் எர்த் இல்லை. அதில் ஒன்று, தம்பி மனைவி துணி துவைக்கிற இயந்திரத்தை வைப்பதாக நினைத்திருந்த இடம். இந்தத் தடவை அவளே டார்ச்சைப் பிளக்கின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, "இதை எழுதிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டாள்.

பதினொரு மணிக்குப் பெரியவர் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். அதன் பிறகு அக்கா குனிந்து ஓடுகளைத் தட்டிக்கொண்டு போக, தம்பி மனைவி பின்னாலேயே காதைக் கொடுத்தாள். படியருகே, "இது காலி" என்று அக்காவுக்கு முன்னால் சொல்லிவிட்டாள். தட்டிப் பார்த்தார்கள். காலிதான். முகத்தில் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய களை. தம்பி பக்கத்தில் நின்று, "ஏழு வீட்டுல நான் எத்தனை ஓடு தட்டியிருக்கேன், ஒரு தடவை கேட்டியா?" என்றான். எப்போது தட்டினான் என்று யாருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா தனியாக மாடிக் குளியலறைக்குப் போனாள்.

தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

பந்து அடைப்பைத் தொட்டுப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. வடிகால் வழியாகப் போகவில்லை. அப்படியென்றால் தரை வழியாகப் போகிறது. கீழே இருப்பது சமையலறை. தம்பி மனைவி இந்த வீட்டிலேயே அதிகம் ஆசைப்பட்ட இடம்.

அக்கா குளியலறை வாசல்படியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி ஒரு நினைப்பு அவளுக்கு வந்ததில்லை. மெழுகுக் கோடுதானே, கட்டைவிரலால் தேய்த்தால் போய்விடும். ஒரு விரல் கீழே வேறொரு கோடு போடலாம். 'மேல் குளியலறை, பரவாயில்லை' என்று எழுதினால் அந்தப் பெண் இன்றைக்குச் சந்தோஷமாகத் திரைத்துணி தைக்கக் கொடுப்பாள். முதல் மழைக்காலம்வரை நாத்தனார் நல்லவள். கையை நீட்டிக்கூடப் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, கீழே போய் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தாள். 'ஒரு சின்ன விஷயம்' என்றா? சின்னது இல்லை. 'பதற்றப்படாதே' என்றா? அதைக் கேட்டுப் பதறாதவர் உண்டா?

கீழேயிருந்து குரல் வந்தது. உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

"அண்ணி, சமையலறைக்குக் கொஞ்சம் வாங்க."

தம்பி மனைவி அடுப்பு எங்கே வரும் என்று அளந்துகொண்டிருந்தவள், அண்ணாந்து நின்றாள். கையை உயர்த்தி டார்ச்சைக் கூரைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தாள், அக்கா சொல்லிக் கொடுத்த அதே கோணத்தில். வெள்ளைக் கூரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சாம்பல் நிறம் பரவியிருந்தது. நடுவில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"முதல்ல காசு அளவுதான் இருந்தது" என்றாள். "விளக்கை அணைச்சுட்டு வெளியே போயிடலாம்னு பார்த்தேன். போகவும் போயிட்டேன், கூடம்வரைக்கும். அப்புறம் மனசு கேக்கல."

அக்கா அவளைப் பார்த்தாள். மேலே கட்டைவிரலும் இங்கே டார்ச்சும் ஒரே நேரத்தில் ஒரே வேலையை யோசித்திருக்கின்றன. அதைச் சொல்ல இது நேரம் இல்லை என்று தோன்றியது. "மேல ஒரு விரல் இறங்கியிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பெரியவர் வந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அக்காவுக்கே சங்கடமாகிவிட்டது. ஆறு வருஷமாக முழங்கால் வலியில் அவர் மாடி ஏறியதில்லை. மேல் குளியலறையில் ஆறு வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததில்லை. ஒழுகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பயன்படுத்தாத குளியலறையைப் போல நல்ல பிள்ளை உலகத்தில் கிடையாது. அவர் கூடத்துக்கு வந்து ஐந்து கடிகாரங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

புரோக்கர் மட்டும் கலங்கவில்லை. ஒரு கோட்டிங் பெயிண்ட் அடித்தால் போய்விடும், இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஐந்து மணிப் பார்ட்டி இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றார்.

தம்பி மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "கீழ பெயிண்ட் அடிச்சா, மேல இருக்கிற தண்ணி வெக்கப்பட்டு நின்னுடுமாண்ணே?"

பெரியவர் அந்தச் சோகத்திலும் சிரித்துவிட்டார்.

அக்கா கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதினாள். அவளுடைய காகிதத்தில் மூன்று பட்டியல்கள்தான். முதலாவது, குடி போகுமுன் செய்ய வேண்டியவை: மேல் குளியலறைத் தரையைப் பெயர்த்து நீர் புகாத பூச்சு போட்டு மறுபடி ஓடு பதிப்பது, இரண்டு பிளக்குக்கு எர்த். இரண்டாவது, இந்த வருஷத்துக்குள் செய்ய வேண்டியவை: ஜன்னல் விளிம்பு, படியருகே நான்கு ஓடு. மூன்றாவது, கூடவே வாழக்கூடியவை: மயிரிழை விரிசல், மழைக்காலத்தில் மட்டும் முரண்டு பிடிக்கிற பின்கதவு. கடைசியில், பார்க்க முடியாதவை என்று தனியாக: பெரிய அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவர், மண்ணுக்குள் ஓடுகிற வடிகால் குழாய். 'பார்க்கவில்லை, அதனால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

தம்பி படித்துவிட்டு, எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "அப்ப வாங்கலாமா, வேண்டாமா?"

"அதை எழுத இந்தக் காகிதத்துல இடம் இல்லடா."

"அக்காவாக் கேக்கறேன்."

அக்காவுக்கு வாய் வரைக்கும் வந்தது. எந்தப் பக்கம் சொன்னாலும் அது நாளைக்கு நாத்தனார் சொன்னதாகத்தான் நிற்கும். அவள் சொல்லுமுன் தம்பி மனைவி காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணியைக் கேக்காதீங்க. குடியிருக்கப்போறது நான்" என்றாள். பிறகு பெரியவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. பிடிக்காத மாதிரி நடிக்க எனக்கு வராது. ஆனா நாளைக்குக் கையெழுத்துப் போடமாட்டேன். முதல் பட்டியலை நீங்க முடிச்சுக் கொடுங்க. முடிச்சதும் மேல ஒரு நாள் முழுக்கத் தண்ணி நிக்கட்டும். கீழ காஞ்சு இருந்தா, அன்னைக்கே கையெழுத்து. நடுவுல அஞ்சு மணிக்காரங்க வாங்கிட்டா, எனக்குக் கொடுத்துவைக்கலன்னு நெனச்சுக்கறேன்."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். அக்கா டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் ஸ்கூட்டரில், 'வீடு கைவிட்டுப் போனால் பழி எனக்குத்தான்' என்ற ஒரே பாட்டு.

ஐந்து மணிப் பார்ட்டி நிஜமாகவே வந்தார்கள். நடந்ததைப் பெரியவரே பிறகு சொன்னார். புரோக்கர் அவர்களை மொட்டை மாடி, மரம், ஜன்னல் என்று சுற்றிக்காட்டிவிட்டு, சமையலறையை வாசலில் நின்றே முடிக்கப் பார்த்திருக்கிறார். பெரியவரால் முடியவில்லை. நாற்பது வருஷம் கடிகாரம் பழுது பார்த்தவர், நின்றுபோன கடிகாரத்தை ஓடுகிறது என்று சொல்லி ஒருநாளும் விற்றதில்லை. "தெரியாத வரைக்கும் சரி. அந்தப் பொண்ணு டார்ச் அடிச்சுக் காட்டின பிறகு என்னால அந்த இடத்தைப் பார்க்காம இருக்க முடியல" என்று, அவர்களை உள்ளே கூட்டிப்போய்க் கூரையைக் காட்டிவிட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்து, மேல் குளியலறையில் ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர் நின்றது. மறுநாள் காலை சமையலறையில் தம்பியும் தம்பி மனைவியும் அக்காவும் பெரியவரும் தேநீர்க் கோப்பைகளோடு அண்ணாந்து நின்றார்கள். கூரை சருகு மாதிரி காய்ந்திருந்தது. தம்பி மனைவி நாற்காலி மேல் ஏறி உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகுதான் நம்பினாள். மேலே மெழுகுக் கோடு தண்ணீரை விட்டு நூலளவுதான் விலகியிருந்தது, அது காற்றில் போனது என்று அக்கா சொன்னாள். பதினொரு மணி அடித்தது, ஐந்து தடவை. கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தில் ஒரு கடிகாரத்தைப் பெரியவர் சுவரிலேயே விட்டுப் போனார்.

குடி போன பிறகு, வருகிறவர்களுக்கு வீடு காட்டுகிற வேலையைத் தம்பி மனைவி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சமையலறையைவிட விரிசல்களைத்தான் அதிக நேரம் காட்டினாள். "இது மூணாவது பட்டியல், கூடவே வாழலாம்" என்பாள். சித்தப்பா வந்தபோது அவர் வீட்டுப் படியின் உயரத்தை அளந்து வரச் சொல்லி அனுப்பினாள். அதன் பிறகு அவர் படியைப் பற்றிப் பேசவில்லை என்று கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை தம்பி மனைவி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி, தனியாக, கையில் பிஸ்கட் பொட்டலமும் புத்தம்புது டார்ச்சும்.

"உங்க வீட்டை யாரும் பார்த்ததில்லைன்னு அண்ணா சொன்னாரு" என்றாள்.

அக்கா கணவரை முறைத்தாள். அவர் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். தம்பி மனைவி நேரே குளியலறைக்குப் போய்த் தண்ணீரை நிறுத்தி, கோடு போட்டுவிட்டு வந்தாள். பிறகு டார்ச்சை அக்காவிடம் நீட்டினாள்.

"வீட்டுக்காரங்கதான் பிடிக்கணும்."

சமையலறைக்குள் போனார்கள். அக்காவின் கை முதல் சுவரைச் சாவகாசமாகக் காட்டியது, ஜன்னலைக் காட்டியது, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று கூரைக்கு ஏறிவிட்டது. ஏறின பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"அண்ணி" என்றாள் தம்பி மனைவி, ரொம்பப் பொறுமையாக. "கொஞ்சம் கீழே. காலண்டர் பக்கம்."

"அது பூனைக்கு மாட்டினதும்மா" என்றார் கணவர் கூடத்திலிருந்து. "மூணாவது பட்டியல்ல போட்டுக்கோ. அஞ்சு வருஷமா கூடவே வாழ்றோம்."

தம்பி மனைவி காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தாள். குனிந்து, விரலால் சுவரைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள். அக்கா டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். அந்தத் தேசத்தின் மலையும் பள்ளமும் நிழல் விழுந்து எழுந்து நின்றன.

"முதல் பட்டியல்" என்று சொல்லிக்கொண்டே தம்பி மனைவி எழுதினாள்.